தூப்புல் பிள்ளையின் நாள்வாழ்வு

பெரியோர்களுடைய சரித்திரங்களை உற்சவ காலங்களில் உபந்யாசங்களாகக் கேட்கிறோம். விழா மலர்களில் வாசிக்கிறோம். அவர்கள் வாதத்தில் வென்றதும், அரிய நூல்களை அருளிச்செய்ததும், அற்புதங்கள் நிகழ்ந்ததும் நம் நெஞ்சில் நிற்கின்றன. ஆனால் காலையில் எழுந்தது முதல் இரவில் கண்வளர்ந்தது வரை அவர்கள் ஒரு சாதாரண நாளை எவ்வாறு கழித்தார்கள் என்று நாம் கேட்பது அரிது. அருஞ்செயல்கள் வாழ்நாளில் சில நாட்களே நிகழ்பவை. எஞ்சிய நாட்களெல்லாம் சாதாரண நாட்கள். அந்த நாட்களை ஒருவர் எப்படி ஒழுங்குபடுத்திக்கொண்டார் என்பதைப் பொறுத்தே, சோதனை நாள் வந்தபோது அவர் எப்படி நின்றார் என்பதும் அமைகிறது.

இதற்கு ஸ்ரீமந் நிகமாந்த மஹாதேசிகனுடைய திருவாழ்வு தெளிவான சான்றாகும். அவர் காவி உடுத்துக் காட்டுக்குச் சென்றவர் அல்லர். மனைவியோடும் மகனோடும் ஊர் நடுவே வாழ்ந்த இல்லறத்தார். அவர் வாழ்ந்த காலமும் அமைதியான காலமன்று. படையெடுப்புகளும் பஞ்சமும் இடப்பெயர்ச்சியும் நிறைந்த காலம். ஸம்ஸ்க்ருதம், தமிழ், ப்ராக்ருதம், மணிப்ரவாளம் ஆகியவற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை அருளிச்செய்தார். மடத்தின் செல்வமோ அரசரின் ஆதரவோ அவருக்குப் பின்னால் இருந்ததில்லை. இத்தனைக்கும் நடுவே மனம் கலங்காதவராகவே குருபரம்பரை வரலாறுகள் அவரை நமக்குக் காட்டுகின்றன. அந்தக் கலங்காமை எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையில் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்டது.

திருவவதாரமும் இளமையும்

காஞ்சீபுரத்தில் விளக்கொளிப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் தூப்புல் என்னும் இடத்தில், விபவ வருஷம் புரட்டாசி மாதம் திருவோண நன்னாளில், அதாவது 1268-ஆம் ஆண்டில், ஸ்வாமி திருவவதரித்தார். திருத்தகப்பனார் அனந்தசூரி, திருத்தாயார் தோதாரம்பை. குழந்தைக்கு இட்ட திருநாமம் வேங்கடநாதன். திருவேங்கடமுடையானுடைய திருமணியின் அம்சமாகப் பிறந்தவர் என்று பெரியோர் போற்றுவர்.

அவருடைய அம்மான் கிடாம்பி அப்புள்ளார் அக்காலத்தில் காஞ்சியில் சிறந்த ஆசிரியராக விளங்கியவர். ஐந்து வயதுக் குழந்தையை அவர் ஒருநாள் நடாதூர் அம்மாளின் காலக்ஷேப கோஷ்டிக்கு அழைத்துச் சென்றார். குழந்தையின் தேஜஸ்ஸைக் கண்டு மகிழ்ந்த அம்மாள், பாடத்தை நிறுத்திச் சில வார்த்தைகள் பேசினார். பிறகு மீண்டும் தொடங்க முற்பட்டபோது, எந்த இடத்தில் நிறுத்தினோம் என்பது அவருக்கும் நினைவுக்கு வரவில்லை. கோஷ்டியிலிருந்த வித்வான்களுக்கும் வரவில்லை. அந்தக் குழந்தையே விட்ட இடத்தை எடுத்துக்கொடுத்தது. அம்மாள் நெகிழ்ந்து மங்களாசாஸனம் செய்தார்.

இந்நிகழ்ச்சியைச் சொல்பவர்கள் குழந்தையின் நினைவாற்றலையே வியப்பர். ஆனால் இன்னொன்றும் இதில் உண்டு. பெரியவர்கள் எல்லோருடைய கவனமும் பாடத்திலிருந்து குழந்தையின்மேல் திரும்பியது. குழந்தையின் கவனம் மட்டும் பாடத்தை விட்டு அகலவில்லை. தன்னைப் பற்றி நடந்த புகழ்ச்சிப் பேச்சு அதனை அசைக்கவில்லை. இந்த ஒருமுகப்பட்ட மனமே பிற்காலத்தில் அவருடைய வாழ்வின் அடித்தளமாயிற்று.

அப்புள்ளாரிடம் கற்று, இருபது வயதுக்குள் எல்லா வித்யைகளிலும் தேர்ந்தார். இதனைத் தம் ஸங்கல்பஸூர்யோதயம் என்னும் நாடகத்தில் ஸ்வாமியே குறிப்பிட்டிருக்கிறார். அதே இடத்தில் ஸ்ரீபாஷ்யத்தை முப்பது முறை பிறருக்கு உபதேசித்ததையும் சொல்லியிருக்கிறார். இருபது வயதில் எல்லாம் கற்றது மேதையின் அடையாளம். அதே நூலை முப்பது முறை முதலிலிருந்து கடைசி வரை சொல்லிக்கொடுத்தது பழக்கத்தின் அடையாளம். முன்னது நமக்கு எட்டாமல் போகலாம். பின்னது முயன்றால் எட்டக்கூடியது.

திருவஹீந்திரபுரத்தில்

அப்புள்ளார் திருநாட்டுக்கு எழுந்தருளிய பிறகு, ஸ்வாமி கெடில நதிக்கரையிலுள்ள திருவஹீந்திரபுரத்துக்கு எழுந்தருளினார். அங்கே ஔஷதகிரி என்னும் சிறு குன்றின்மேல் அமர்ந்து, ஆசாரியர் உபதேசித்த கருட மந்திரத்தை ஜபித்தார். ஹயக்ரீவனுடைய அருளும் அங்கே கிட்டியது. தெய்வநாயகன்மேல் தமிழில் மும்மணிக்கோவையும் நவமணிமாலையும், ப்ராக்ருதத்தில் அச்யுதசதகமும் அங்கே பிறந்தன.

இவ்வூரில் ஸ்வாமியின் திருமாளிகையில் ஒரு கிணறு உண்டு. அதனை அவர் தம் கைகளாலேயே கட்டினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஸர்வதந்த்ர ஸ்வதந்த்ரர் என்று பெயர் பெற்றவருக்குக் கொத்துவேலை தெரியுமா என்று ஒரு கொத்தன் சோதிக்க எண்ணினானாம். கோணலும் மாணலுமான செங்கற்களைக் கொடுத்துக் கிணறு கட்டச் சொன்னானாம். ஸ்வாமி வேறு கல் கேட்கவில்லை, கோபமும் கொள்ளவில்லை. எந்தக் கல் எந்தக் கல்லோடு பொருந்தும் என்று பார்த்துப் பொறுமையாக அடுக்கிக் கட்டி முடித்தார் என்பர். நாள் நமக்குக் கொடுக்கும் கற்களும் பெரும்பாலும் கோணலானவையே. நேரான கல் வரட்டும் என்று காத்திருப்பவன் கிணறு கட்டுவதில்லை.

ஐந்து கூறுகளாகிய நாள்

திருமலை முதலிய திவ்யதேசங்களை ஸேவித்துவிட்டு ஸ்வாமி மீண்டும் தூப்புலுக்கு எழுந்தருளினார். அங்கே அவர் நடத்திய அன்றாட வாழ்வைப் பற்றியே நாம் விரிவாகப் பார்க்கவேண்டும்.

பாஞ்சராத்ர சாஸ்திரம் ஒரு நாளை ஐந்து காலங்களாகப் பகுக்கிறது. அவை அபிகமனம், உபாதானம், இஜ்யை, ஸ்வாத்யாயம், யோகம் என்பன. விடியற்காலையில் எழுந்து நீராடி, சந்தியாவந்தனாதிகளை முடித்து, எம்பெருமானை அணுகி அன்றைய நாள் நன்கு நடக்கவேண்டும் என்று விண்ணப்பிப்பது அபிகமனம். அதன்பின் திருவாராதனத்துக்கு வேண்டிய பூ, துளசி, அரிசி முதலியவற்றைத் தேடிக் கொணர்வது உபாதானம். உச்சிவேளையில் திருவாராதனம் செய்து, நிவேதித்த பிரசாதத்தை உட்கொள்வது இஜ்யை. பிற்பகலில் நூல்களை ஓதுவதும் ஓதுவிப்பதும் எழுதுவதும் ஸ்வாத்யாயம். இரவில் மனத்தை எம்பெருமானிடம் ஒடுக்கித் தியானித்து, அவன் திருவடியிலேயே உறங்குவது யோகம்.

ஸ்வாமி இதனைப் பாஞ்சராத்ர ரக்ஷை என்னும் நூலில் விரிவாக ஆராய்ந்து, பகவத் ராமானுஜர் அருளிய நித்யம் என்னும் நூலுக்கு விளக்கமும் அதிலேயே எழுதியிருக்கிறார். ஸம்ஸ்க்ருதம் அறியாதவர்களும் பயன்பெற வேண்டும் என்று, ஸ்ரீவைஷ்ணவ தினசரி என்னும் சிறு பிரபந்தத்தைத் தமிழில் அருளிச்செய்தார். உண்ணத்தக்கவை இவை, தள்ளத்தக்கவை இவை என்று வகுத்து ஆகார நியமம் என்னும் பிரபந்தத்தையும் தமிழிலேயே பாடினார். சததூஷணி போன்ற நுட்பமான வாத நூலை எழுதிய அதே திருக்கை, சமையற்கட்டுக்குரிய நியமத்தையும் எழுதிற்று. இரண்டையும் அவர் தாழ்வு உயர்வு பாராமல் எழுதினார். தத்துவம் தெளிந்தவனுக்குத் தளிகையும் தத்துவத்தின் ஒரு பகுதியே.

இந்த ஐந்து காலங்களில் ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு செயலுக்கும் அதற்குரிய வேளை முன்பே குறிக்கப்பட்டுவிடுகிறது. இப்போது எதைச் செய்வது, எதைத் தள்ளிவைப்பது என்று ஒவ்வொரு நாழிகையும் மனம் தன்னோடு வழக்காட வேண்டியதில்லை. பூப்பறிக்கும்போது நூலைப் பற்றிய கவலை இல்லை. நூல் எழுதும்போது நாளைய அரிசியைப் பற்றிய கவலை இல்லை. நூறு நூல்கள் எழுத அவருக்கு நேரம் எவ்வாறு கிடைத்தது என்று வியக்கிறோம். அவர் நாளில் பெருவாரியான நேரம் எழுதுவதற்கு ஒதுக்கப்படவில்லை. ஒதுக்கிய நேரம் வேறொன்றால் அரிக்கப்படவில்லை, அவ்வளவே.

உஞ்சவிருத்தி

உபாதான காலத்தில் ஸ்வாமி உஞ்சவிருத்திக்கு எழுந்தருளுவார். உஞ்சவிருத்தியைப் பிச்சையென்று எண்ணிவிடலாகாது. பகவந்நாமத்தைச் சொல்லிக்கொண்டு வீதியில் செல்வார். எந்த வாசலிலும் நின்று கேட்கமாட்டார். இல்லத்தார் தாமே கொணர்ந்து இட்ட அரிசியை ஏற்பார். அன்றைய திருவாராதனத்துக்குப் போதுமான அளவு சேர்ந்தவுடன் திரும்பிவிடுவார். மறுநாளைக்கென்று எடுத்துவைப்பதில்லை. இட்டவர் இன்னார், இடாதவர் இன்னார் என்று நினைவில் வைப்பதுமில்லை.

கொணர்ந்த அரிசி முதலில் பெருமாளுக்குரியது. அமுது செய்தருளிய பிறகே அது வீட்டாருக்குரியது. ஆகையால் அரிசி தேடுவது தம் வயிற்றுக்கான கவலையாக இல்லாமல் கைங்கர்யத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. ஒருபிடி குறைந்தால் ஒருபிடி குறைந்த தளிகை. அதனால் நாளின் ஒழுங்கு குலைவதில்லை.

இப்படி வாழ்ந்த வீட்டின் பாரத்தை யார் சுமந்தார் என்பதையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். ஸ்வாமியின் தேவியாருக்குத் திருமங்கை என்று திருநாமம். சேமித்து வைக்காத வீட்டில் ஒவ்வொரு நாளும் தளிகை செய்தவர் அவரே. ஒருநாள் ஸ்வாமியின் வைராக்யத்தைச் சோதிக்கவோ, அல்லது அவருடைய வறுமையைத் தீர்க்கவோ எண்ணிய ஒருவர், அரிசியோடு பொற்காசுகளைக் கலந்து இட்டுவிட்டார். வீட்டில் அரிசியை முறத்தில் இட்ட தேவியார், மின்னுகின்ற இவை என்னவென்று வினவினார். ஸ்வாமி அவற்றை அரிசியில் விழுந்த புழுக்கள் என்று கூறித் தர்ப்பையின் நுனியால் தள்ளி வெளியே எறிந்துவிட்டார் என்பது வரலாறு.

பொன்னை அறியாத அந்த இல்லத்தரசியின் கேள்வியே இந்நிகழ்ச்சியில் நம் நெஞ்சைத் தொடுவது. கையில் கிடைத்த பொன்னை விட்டவர் பலரைப் புராணங்களில் காண்கிறோம். பொன்னைப் பார்த்தும் அது இன்னதென்று அறியாமல், அரிசிக்கு இடையூறாக வந்த ஒன்றாகக் கண்டவரைக் காண்பது அரிது. அவரும் உடன்பட்டதனாலேயே அந்த வீட்டில் நாளைக்கென்ற கவலை குடிபுகவில்லை. கணவர் ஒருவர் மட்டும் விரதம் பூண்டு, மனைவி உள்ளூர வருந்தியிருந்தால், அங்கே எளிமை இருந்திருக்கலாம், அமைதி இருந்திருக்காது.

மற்றொரு சமயம், ஏழைப் பிரம்மசாரி ஒருவன் தன் விவாஹத்துக்குப் பொருள் வேண்டி வந்தான். ஸ்வாமியை அவமதிக்க எண்ணிய சிலர், அவரைப் பெருஞ்செல்வர் என்று சொல்லி அவனை அனுப்பியிருந்தனர். ஸ்வாமி அவனை வெறுங்கையோடு அனுப்பவில்லை. தம்மிடம் இல்லையென்று சொல்லவுமில்லை. பெருந்தேவித் தாயாருடைய ஸந்நிதிக்கு அழைத்துச் சென்று ஸ்ரீஸ்துதியை அருளிச்செய்ய, பொன்மழை பொழிந்தது என்று பெரியோர் கூறுவர். அதனை முழுவதும் அந்தப் பிரம்மசாரியே எடுத்துக்கொள்ளும்படி செய்து, ஒரு காசும் தமக்கென்று கொள்ளாமல் வழக்கம்போல் தம் திருமாளிகைக்குத் திரும்பினார். பொன்னிடம் அவருக்கு வெறுப்பு இருந்ததில்லை. பிறர் வாழ்வுக்கு அது வேண்டுமென்றால் தாயாரிடம் சென்று கேட்கவும் தயங்கவில்லை. தம் வீட்டில் அதற்கு வேலை இல்லை என்பதே அவர் கருத்து.

அரசவையின் அழைப்பு

விஜயநகர ஸாம்ராஜ்யம் 1336-ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் அரசவையில் வித்யாரண்யர் மிகுந்த செல்வாக்கோடு விளங்கினார். அவர் ஸ்வாமியின் வறுமையைக் கேள்வியுற்று, அரசவைக்கு வந்தால் வேண்டிய செல்வமெல்லாம் கிடைக்கும் என்று அழைப்பு விடுத்தார் என்று குருபரம்பரை கூறும். ஸ்வாமி மறுத்து அனுப்பிய சுலோகங்களே வைராக்யபஞ்சகம் என்று வழங்குகின்றன. வயல்வெளியில் சிந்திய தானியமும், குளத்து நீரும், வழியில் கிடைக்கும் கந்தையும் உடலைக் காக்கப் போதுமானவை என்பதும், தம் குலதனம் ஹஸ்திகிரியின்மேல் பேரருளாளனாக நிற்கிறது என்பதும் அவற்றின் உட்கருத்து.

இம்மறுப்பில் அரசர்மீது இகழ்ச்சியோ, அழைத்தவர்மீது கோபமோ கிடையாது. அரசரென்ற காரணத்தால் ஒருவரை ஒதுக்குவதும் அவர் வழக்கமன்று. தெலுங்கு தேசத்து ஸர்வஜ்ஞ சிங்க பூபாலன் உபதேசம் வேண்டி விண்ணப்பித்தபோது, நூல்களாகவே எழுதி அனுப்பினார் என்று வரலாறு சொல்கிறது. அவற்றுள் ஒன்றாகிய ஸுபாஷிதநீவி பன்னிரண்டு பகுதிகளைக் கொண்டது. அகந்தை கொண்டவர், தீயோர், மகாபுருஷர், கொடையாளர் என்று மனிதர்களின் இயல்புகளை வகுத்துப் பேசும் அந்நூலில் ஒரு பகுதி முழுவதும் ஸமசித்தம் உடையவர்களைப் பற்றியது. இன்பத்திலும் துன்பத்திலும் ஒரே மனம் உடையவரை அரசனுக்கு எடுத்துக்காட்டியவர், அந்த மனத்தைத் தூப்புல் வீதியில் அரிசி ஏற்று நடந்தபோதே பயின்றிருந்தார்.

வாசலில் தொங்கிய பாதுகை

திருவரங்கத்துப் பெரியோர்கள் விண்ணப்பித்ததன் பேரில் ஸ்வாமி அங்கே எழுந்தருளி, வாதத்துக்கு வந்தவர்களை வென்று, பலகாலம் காலக்ஷேபம் நடத்தினார். புகழ் வளர்ந்த இடத்தில் பொறாமையும் வளர்ந்தது. சிலர் அவருடைய திருமாளிகை வாசலில் பாதரக்ஷைகளைக் கோத்துத் தொங்கவிட்டனர். வெளியே வரும்போது அவை திருமுடியில் படவேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். ஸ்வாமி அவற்றை நிமிர்ந்து பார்த்தார். கர்மத்தைப் பற்றியவர்கள் சிலர், ஞானத்தைப் பற்றியவர்கள் சிலர். தாமோ பாகவதர்களின் பாதுகையைப் பற்றியவர் என்று கூறித் தலைவணங்கி மகிழ்ந்தார். செய்தவர்களுக்கே வெட்கமாயிற்று.

இது அந்தக் கணத்தில் எழுந்த சாதுரியம் மட்டுமன்று. ரஹஸ்யத்ரயஸாரம் என்னும் முப்பத்திரண்டு அதிகாரங்கள் கொண்ட பெருநூலில், பிரபத்தி செய்தவன் தன் நிலையைத் தானே அறிந்துகொள்ளும் அடையாளங்களை ஸ்வாமி விளக்குகிறார். பிறர் தன்னை இகழும்போது வருத்தம் கொள்ளாதிருப்பதும், இகழ்ந்தவரிடம் இரக்கம் கொள்வதும், தன் குறைகளை நினைவூட்டியதற்காக அவரிடம் நன்றி பாராட்டுவதும் அவ்வடையாளங்களில் சேரும். மனம் கலங்குவதற்குக் காரணம் வெளியில் இருப்பதைவிட உள்ளேதான் மிகுதி என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். ஸங்கல்பஸூர்யோதய நாடகத்தில் விவேகன் என்னும் அரசனை எதிர்த்துப் போர் செய்பவர்கள் மஹாமோஹனும், அவன் சேனையைச் சேர்ந்த காமம், குரோதம், லோபம், டம்பம் முதலியோரும் அல்லவா?

அந்த இரவில்

1323-ஆம் ஆண்டில் தில்லிப் படை திருவரங்கத்தின்மேல் பாய்ந்தது. பிள்ளை லோகாசாரியர் நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கு நோக்கிச் சென்றார். அந்த முதிய வயதில் வழிநடந்த களைப்பால் ஜ்யோதிஷ்குடியில் அவர் திருநாட்டுக்கு எழுந்தருளினார். திருவரங்கத்தில் எண்ணற்ற பாகவதர்கள் உயிரிழந்தனர். ஸுதர்சனசூரி என்னும் பேராசிரியர் ஸ்ரீபாஷ்யத்துக்குத் தாம் எழுதிய ச்ருதப்ரகாசிகை என்னும் வ்யாக்யானத்தின் ஓலைச்சுவடியையும், தம் இரு புதல்வர்களையும் ஸ்வாமி தேசிகனிடம் ஒப்படைத்துவிட்டு உயிர் நீத்தார்.

அந்த இரவில் ஸ்வாமி மாண்டவர்களின் உடல்களுக்கு நடுவே தாமும் ஒரு பிணம்போல் கிடந்து, சுவடியையும் சிறுவர்களையும் காத்தார் என்று குருபரம்பரை கூறுகிறது. படை விலகியபின் அவர்களை அழைத்துக்கொண்டு மேற்கே நடந்தார். காவிரிக் கரையில், கன்னட தேசத்துச் சத்யாகாலம் என்னும் சிற்றூரில் தங்கினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து.

இங்கே நாம் சற்று நின்று எண்ணவேண்டும். வீடு பற்றி எரியும்போது எதை எடுத்துச் செல்வது என்று தடுமாறாத மனிதர் இல்லை. ஆபத்து வேளையில் பொருளை விட மனமில்லாமல் உயிரை விட்டவர்கள் எத்தனையோ பேர். ஸ்வாமிக்கு அந்தத் தடுமாற்றம் நேரவில்லை. எடுத்துச் செல்லத் தமக்கென்று அவரிடம் யாதொன்றும் இருந்ததில்லை. ஆகையால் பிறருடைய புதல்வர்களுக்கும் பிறர் எழுதிய நூலுக்கும் அவர் கைகளில் இடம் இருந்தது. பல ஆண்டுகளாக ஒவ்வொரு நாளும் மறுநாளைக்கென்று ஒரு பிடி அரிசியும் வைக்காமல் பழகிய பழக்கத்தின் பயன் அந்த ஒரே இரவில் வெளிப்பட்டது. இன்று ஸ்ரீபாஷ்யம் கற்பவர்கள் ச்ருதப்ரகாசிகையைத் துணையாகக் கொள்கிறார்கள். அந்நூல் நமக்குக் கிடைத்தது அந்தக் கைகள் வெறுமையாக இருந்ததனாலேயே.

சத்யாகாலத்திலும் நாளின் ஒழுங்கு மாறவில்லை. நீராடக் காவிரி இருந்தது. ஏற்க அரிசி இருந்தது. கற்பிக்க இரு சிறுவர்கள் இருந்தனர். திருவரங்கம் அச்சம் நீங்கி மீண்டும் விளங்கவேண்டும் என்று அபீதிஸ்தவத்தை அங்கேயே அருளிச்செய்தார். கவலையைப் பேசித் தீர்க்காமல் பிரார்த்தனையாக்கிவிட்டுத் தம் அடுத்த வேளைக் காரியத்துக்குத் திரும்பினார். நிலைமை சீர்ப்பட்ட பிறகு மீண்டும் திருவரங்கம் எழுந்தருளினார் என்பர்.

மகனின் சாட்சி

பொருள் சேர்க்காத தந்தையைப் பிள்ளைகள் குறைகூறுவது உலக இயல்பு. ஸ்வாமியின் குமாரர் வரதாசாரியர், நயினாராசாரியர் என்று போற்றப்படுபவர். காஞ்சியில் அந்த எளிய வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். உஞ்சவிருத்தி அரிசியில் வளர்ந்த அந்த மகன், தந்தையிடமே கற்று, தந்தையையே ஆசாரியராகக் கொண்டு, அவர்மேல் பிள்ளையந்தாதி என்னும் தமிழ்ப் பிரபந்தத்தைப் பாடினார். வெளியுலகம் ஒருவரைப் புகழ்வது எளிது. அவருடைய நூல்களையும் வெற்றிகளையும் கண்டு புகழலாம். தினமும் அருகிலிருந்து, பசித்த வேளையிலும் சோர்ந்த வேளையிலும் பார்த்த மகன் புகழ்வது எளிதன்று. ஸ்வாமியின் நாள்வாழ்வுக்கு இதைவிட நம்பத்தக்க சாட்சி வேண்டுவதில்லை.

1369-ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், நூறாண்டு நிறைந்த பின், குமாரரும் சிஷ்யர்களும் அருகிலிருக்க ஸ்வாமி திருநாட்டுக்கு எழுந்தருளினார். அவர் விட்டுச்சென்றவற்றில் நிலமும் பொன்னும் இல்லை; நூல்களும், அவற்றைக் கற்றவர்களும் மட்டுமே இருந்தனர்.

நாம் கொள்ளத்தக்கது

நம்மில் எவரும் நாளை முதல் உஞ்சவிருத்தி மேற்கொள்ளப்போவதில்லை. மனைவி மக்களைக் காக்கும் கடமை உடையவர்கள் நாளைக்கென்று எதையும் வைக்கலாகாது என்று சொல்வதும் பொருந்தாது. ஆனால் ஸ்வாமியின் நாளிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொள்வது எவருக்கும் இயலும். விடியலில் எழுந்து, மற்ற எதையும் கையில் எடுக்குமுன் சிறிது நேரம் பெருமாள் முன் நிற்கலாம். உண்பதற்கும் ஓதுவதற்கும் உறங்குவதற்கும் குறித்த வேளையை விடாமல் காக்கலாம். வீட்டில் ஒரு பொருளை வாங்கிச் சேர்க்குமுன், இது அரிசியா, அரிசியில் விழுந்த புழுவா என்று ஒருமுறை கேட்டுப்பார்க்கலாம். பிறர் சொன்ன கடுஞ்சொல்லை இரவுவரை சுமக்காமல் வாசலிலேயே விட்டுவிடலாம்.

இவை மிகச் சிறிய பழக்கங்கள், எவரும் பாராட்டப்போவதில்லை. ஆனால் கோணற்கற்களால் கட்டிய கிணற்றிலும் தெளிந்த நீர் ஊறும் என்பதைத் திருவஹீந்திரபுரத்தில் ஸ்வாமி காட்டிச் சென்றிருக்கிறார். பழக்கம் என்பது நாள்தோறும் வைக்கும் ஒரு செங்கல். அதனை வைத்துக்கொண்டே வந்தால், நம் வாழ்விலும் ஒரு சோதனை இரவு வரும்போது, நம் கைகள் எதைக் காக்க வேண்டுமோ அதற்காக வெறுமையாக இருக்கும்.

தூப்புலில் அவதரித்து, வறுமையைச் செல்வமாகக் கொண்டு, நூறாண்டுகள் நாள்தவறாமல் நியமம் காத்த அந்த வள்ளலின் திருவடிகளை இவ்வுற்சவ நன்னாளில் வணங்கி, அவர் நாளில் ஒரு நாழிகையேனும் நமக்கு வாய்க்க வேண்டும் என்று பேரருளாளனைப் பிரார்த்திப்போமாக.